கூலியைக் கொடுத்துவிட்டு ஜெபத்துக்கு வாருங்கள்: விசுவாசமும் நற்கிரியையும் சேர்ந்து நடக்க ஒரு வழிகாட்டி

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரே குடும்பத்துக்குள் மூன்று சபை இருப்பது சாதாரணம். மாமியார் எலத்தகிரிக் கோவிலில் ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கர், மருமகள் லூத்தரன் சபை, கொழுந்தனார் ஓசூரில் ஏதோ ஒரு மாடி ஹாலில் நடக்கிற பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போகிறவர். கிறிஸ்துமஸ் அன்றைக்கு எல்லாரும் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "விசுவாசிச்சா போதும்னு பைபிள்லயே இருக்கே, அப்புறம் எதுக்கு இந்தக் கிரியை எல்லாம்?" அவ்வளவுதான், பைபிளில் விசுவாசம் என்று எழுதிய பவுலும் கிரியை என்று எழுதிய யாக்கோபும் இரவு பத்து மணி வரைக்கும் கட்டிப் புரள்வார்கள்.

அந்த வாக்குவாதத்தில் ஜெயிக்க இது உதவாது. விசுவாசம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிற ஒருவர் திங்கட்கிழமை காலையில் எழுந்து எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது, எதைச் செய்யாமலே விடுவது என்பதற்கான வழிமுறை மட்டும்தான் இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நற்கிரியை என்றதும் அன்னதானம், பழைய துணி, அனாதை இல்லத்துக்குக் கேக் என்றுதான் நமக்கு மனம் ஓடுகிறது. ஆனால் விசுவாசம் முதலில் கைவைக்கவேண்டியது நாம் பிறருக்குப் பாக்கி வைத்திருப்பதில்தான். கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் கொடுப்பதைத் தர்மம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தொடங்குமுன் வாசிக்கவேண்டியவை

பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தை எடுங்கள். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிற 8-ஆம் வசனமும், "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்கிற 9-ஆம் வசனமும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். பிரச்சினை என்னவென்றால் மனப்பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த வசனத்தில், நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம், அவற்றில் நாம் நடக்கும்படி ஆண்டவர் அவற்றை முன்னதாகவே ஆயத்தம் பண்ணிவைத்திருக்கிறார் என்று அதே பவுல் எழுதுகிறார். மூன்று வசனத்தையும் ஒரே மூச்சில் வாசித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்: கிரியை செய்து வீட்டுக்குள் நுழைவதில்லை, உள்ளே வந்தவனுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

அடுத்தது யாக்கோபு 2. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்ற வரியை மட்டும் பிடுங்கி எடுக்காமல் அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து வாருங்கள். பொன்மோதிரம் போட்டவன் சபைக்குள் வந்தால் நல்ல இடம், கந்தை கட்டிய ஏழை வந்தால் "நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு". இப்படிப்பட்ட கூட்டத்தைப் பார்த்துத்தான் யாக்கோபு கோபப்படுகிறார். பவுலுக்கு முன்னால் இருந்த ஆட்கள் வேறு. விருத்தசேதனம் பண்ணிக்கொண்டால்தான், நியாயப்பிரமாணத்தைக் கடைப்பிடித்தால்தான் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று புதிதாக வந்தவர்களை மிரட்டிக்கொண்டிருந்தவர்களோடு அவருக்கு மல்லுக்கட்டு. இரண்டு பேருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பவுல் பிடித்துக்கொள்வது ஆதியாகமம் 15-ஐ, அங்கே ஆபிரகாம் வாக்குத்தத்தத்தை நம்பினான், அவ்வளவுதான். யாக்கோபு அதையும் எடுத்துக்கொண்டு 22-ஆம் அதிகாரத்துக்கும் போகிறார், ஈசாக்கைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய அந்த இடத்துக்கு. 15 முதலில் வருகிறது, 22 பிறகு வருகிறது. வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவதாக கலாத்தியர் 5:6, "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்". இதை எழுதியது யாக்கோபு அல்ல, பவுல். இதற்கு விளக்கம் தேவையில்லை.

சபை வரலாறு இரண்டு வரியில் போதும், ஏனென்றால் இரண்டு பக்கமும் எதிராளி சொல்லாததைச் சொன்னதாகவே சண்டை போட்டுப் பழகிவிட்டோம். லூத்தரன்களின் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 6-ஆம் பிரிவு, விசுவாசம் நல்ல கனிகளைக் கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. கத்தோலிக்கர்களின் திரெந்து சங்கம் 1547-ல் நீதிமானாகுதல் பற்றித் தீர்மானம் போட்டபோது, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் ஒருவன் கடவுளுக்கு முன் நீதிமானாக முடியும் என்று சொல்பவரை முதல் விதியிலேயே கண்டித்துவிட்டது. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி அதே ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாகுதல் பற்றிய ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன, 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். வித்தியாசங்கள் எல்லாம் போய்விட்டன என்று நான் சொல்லவில்லை, இருக்கின்றன. எல்லா லூத்தரன் சபைகளும் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஆனால் பிரியாணிக்கு அப்புறம் நடக்கிற சண்டைக்கு அங்கே ஆதாரம் கிடைக்காது.

"விசுவாசம் மட்டும்" என்று சொல்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு நம்ம ஊரிலேயே பதில் இருக்கிறது. 1895-ல் கிருஷ்ணகிரியில் அமெரிக்காவின் மிசோரி லூத்தரன் மிஷன் வேலையைத் தொடங்கியவர் தியோடர் நேத்தர் என்ற ஜெர்மானியர். கோட்பாட்டில் இம்மி பிசகாத ஆள், அதற்காகவே பழைய மிஷனோடு முரண்பட்டு வெளியே வந்தவர். 1904-ல் கொள்ளைநோயில் இறந்துபோனார். லூத்தரே 1527-ல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் வந்தபோது ஊரைவிட்டு ஓடவில்லை, ஓடலாமா கூடாதா என்று கேட்டவர்களுக்கு ஒரு நீண்ட கடிதமும் எழுதினார். உன்னை நம்பி இருக்கிறவர்களை விட்டுவிட்டு ஓடாதே, அதே நேரம் மருந்து சாப்பிடு, வீட்டைச் சுத்தம் செய், தேவையில்லாத இடத்துக்குப் போகாதே என்று அதில் இருக்கிறது. கொரோனா நேரத்தில் நம் சபைகளில் இதை யாராவது சத்தமாக வாசித்திருக்கலாம்.

முதல் வேலை: பாக்கிப் பட்டியல்

சரி, வாசித்தது போதும். ஒரு நோட்டும் பேனாவும் எடுங்கள். யாருக்கு, என்ன, எப்போதிலிருந்து, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று நாலு கட்டம். கைப்பேசியில் எழுதவேண்டாம், கைப்பேசியில் எழுதினால் தள்ளிவிடத் தோன்றும்.

இந்தப் பட்டியலுக்கு ஆதாரம் வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, லூக்கா 19. கவனித்துப் பாருங்கள், இயேசு அவனைப் பார்த்து "இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும்" என்று சொன்னபோது அவன் ஒரு காசுகூட யாருக்கும் கொடுத்திருக்கவில்லை, அவரைப் பார்க்க ஏறிய மரத்தின்மேல் இருந்தான். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகுதான் அவனுக்குக் கை திறக்கிறது: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலு மடங்கு. பாதி ஏழைக்கு என்பதைத்தான் பிரசங்கத்தில் அதிகம் கேட்கிறோம். நாலு மடங்கு அவன் ஏமாற்றின அந்த அந்த ஆளுக்கே போகவேண்டிய பணம். அனாதை இல்லத்துக்குக் கொடுத்து அதை ஈடுகட்ட முடியாது.

கூலியில் தொடங்குங்கள். மாங்காய் சீசனில் இங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கூழ் ஆலை மண்டிக்குப் பணம் தரவில்லை என்று மண்டிக்காரர் சொல்வார், மண்டி தரவில்லை என்று தோப்புக்காரர் சொல்வார், கடைசியில் வெயிலில் ஏறிப் பெங்களூரா மாங்காய் பறித்தவர்தான் வீட்டில் உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பார், அவருக்குச் சொல்லிக்கொள்ள அடுத்த ஆள் யாரும் இல்லை. தோப்புக்காரர் நீங்கள் என்றால், ஆலைப் பணம் வருகிறதோ இல்லையோ, பறித்த கூலி அன்றன்றைக்கு உங்கள் கையிலிருந்து போகவேண்டும். கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. யாக்கோபு இன்னும் ஒரு படி மேலே போய், பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் (5:4). உண்மையிலேயே கையில் பணம் இல்லையென்றால் வேலைக்கு அழைக்கும்போதே எந்தத் தேதியில் தருவேன் என்று சொல்லுங்கள், வருகிறதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். "நம்ம சபை ஆள்தானே, பொறுத்துக்குவாரு" என்பது இந்த விஷயத்தில் கெட்ட வார்த்தை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு லீவு நாளில் பிடித்த சம்பளம், பத்துப்பாத்திரம் உடைந்ததற்குக் கழித்த பணம், இதெல்லாமும் அதே கட்டத்தில்தான்.

அப்புறம் குழுக் கடன். பெண்களுக்கு இது நன்றாகப் புரியும். வாரத் தவணை நாளில் நீங்கள் கட்டாமல் போனதற்கு மற்ற நாலு பெண்கள் தங்கள் பங்கில் பிரித்துக் கட்டியிருப்பார்கள், வங்கிக் கணக்கில் அது தீர்ந்த கடன், ஆனால் அந்த நாலு பேர் கணக்கில் தீரவில்லை. இதை எழுதாமல் விட்டுவிட்டு உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால், அந்த நாலு பேரில் ஒருத்தி பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

பெற்றோர். தசமபாகம் தவறாமல் கொடுக்கிறவர், ஊரில் அப்பா சர்க்கரை மாத்திரையைக் கடையில் கடன் சொல்லி வாங்குகிறார் என்றால், அது மாற்கு 7-ல் இயேசு திட்டின கதை. உனக்குத் தரவேண்டியதைக் காணிக்கையாக்கிவிட்டேன், கொர்பான் என்று தாய் தகப்பனிடம் கைவிரித்தவர்களைப் பற்றி அவர் சொன்னதை வாசித்துவிட்டு, அந்த மாதக் காணிக்கையில் மாத்திரைக் காசு எடுத்துக் கொடுங்கள். போதகர் ஏதாவது சொன்னால் அதே அதிகாரத்தைக் காட்டுங்கள். விதைப்புக் காணிக்கை என்ற பெயரில் ஆயிரம் போட்டால் லட்சம் வரும் என்று சொல்லப்படுவதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, அது விசுவாசத்திலும் சேராது, கிரியையிலும் சேராது, வியாபாரம்.

இப்போது யாரும் எழுத விரும்பாத வரி: அக்கா தங்கைக்குச் சேரவேண்டிய பங்கு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பதுதான் அதன் விதி. ஆனால் நடப்பது என்ன? காரியம் முடிந்த கையோடு தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவது. அவள் மனமொத்துக் கொடுத்தாளா, அண்ணன் உறவு அறுந்துவிடுமே என்று பயந்து கொடுத்தாளா என்பது உங்களுக்குத் தெரியும். ஓசூர் பக்கம் நிலத்தின் விலை ஏறியிருக்கிற ஏற்றத்தில், இந்த ஒரு கட்டத்தை நேர்மையாக நிரப்புவதற்கு ஆயுள் முழுக்கக் கொடுத்த கிறிஸ்துமஸ் கேக் எல்லாம் ஈடாகாது. முழுதாகத் திருப்பித் தர வழியில்லை என்றாலும் உட்கார்ந்து பேசுங்கள், அவளை ஒரு தொகை சொல்லச் சொல்லுங்கள், உங்கள் மனைவியோ மாமனாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேரம் பேச விடாதீர்கள்.

கடைசியாக, பணம் இல்லாத பாக்கி. ஒருவரைப் பற்றி நீங்கள் பரப்பிய பேச்சு. அதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டியது அவரிடம் என்றாலும், திருத்தவேண்டியது நீங்கள் யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடம்.

திருப்பிக் கொடுக்கப் போகும்போது பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டாம். ஆண்டவர் என்னோடு பேசினார், அதனால் வந்தேன் என்று ஆரம்பிக்கவும் வேண்டாம், எதிரே இருப்பவர் பணத்தை எண்ணுவதா உங்கள் சாட்சியைக் கேட்பதா என்று திண்டாடுவார். இன்ன பாக்கி இருந்தது, இதோ, தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அசலோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். எண்ணாகமம் 5:7 அசலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்கிறது, அது ஒரு நல்ல கணக்கு. அவர் மன்னிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றால் அது அவர் உரிமை.

வீட்டுக்குள் இருக்கிற ஏழை

பட்டியல் முடிந்தால் அடுத்து நேராகத் தெருவுக்கு ஓடாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு பழைய பாவம் உண்டு, பெண் குழந்தை. சேலத்தில் 1992-ல் தொடங்கின தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தருமபுரிக்கும் கொண்டுவரவேண்டியிருந்தது என்றால் நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிசுக்கொலை நம் சபை ஆட்கள் செய்வதில்லை என்று சொல்வோம். சரி, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று திருட்டுத்தனமாக ஸ்கேன் பார்ப்பது? அது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனால் இந்தப் பக்கம் ஆட்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. இரண்டாவதும் பெண் என்றதும் "அடுத்த தடவை ஆண்டவர் கண் திறப்பார்" என்று பிரசவ வார்டிலேயே ஜெபிக்கிற பெரியம்மாக்களை எல்லாச் சபையிலும் பார்க்கலாம். அந்த ஜெபத்தில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் செய்யவேண்டிய நற்கிரியை மிகச் சின்னது: பிள்ளையைக் கையில் வாங்கி, அழகாக இருக்கிறாள் என்று சொல்லி, பேறு பெற்றவளுக்குச் சூடாக ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பது.

அதேபோல் பத்தாவது முடித்ததும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது. பதினெட்டு ஆகாத பெண்ணின் கல்யாணத்துக்கு ஓலை (சபையில் சொல்கிற கல்யாண அறிவிப்பு) வாசிக்கவோ ஆசீர்வாத ஜெபம் சொல்லவோ கேட்டால், போதகராக இருந்தால் மறுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், பெயர் சொல்லவேண்டியதில்லை. உறவுக்காரர் வீடு என்றால் கஷ்டம்தான், பேச்சுவார்த்தை அறுந்துபோகும். திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்தில் அவர்களை விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்று யாக்கோபு 1:27 சொல்வதை நம் வசதிக்கு அடுத்த ஊர்ப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்கிறோம்.

தெருவுக்கு இறங்கும்போது

இதற்கு ஒரே விதி: கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரியில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் கிணறு. வெளியூர் சபை நண்பர்கள் பணம் திரட்டி, தண்ணீர் இல்லாத ஒரு குக்கிராமத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்க வருவார்கள், நல்ல மனசுதான், ஆனால் இந்த மண்ணின் அடியில் ஃபுளோரைடு இருக்கிறது, பல்லில் பழுப்பேறி, வயதாக ஆகக் கால் எலும்பு வளைந்துபோனவர்களை இங்கே ஊருக்கு ஊர் பார்க்கலாம், அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. சோதிக்காமல் போட்ட கிணறு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்த கெடுதலாகிவிடலாம். முதலில் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவோ சமைக்கவோ அது ஆகாது, கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்திதான் ஆகும். அந்தப் பணத்தில் ஒகேனக்கல் குழாய் ஏன் அந்தத் தெருவுக்கு வரவில்லை என்று ஊராட்சியில் மனு கொடுத்து நாலு முறை அலைவது உண்மையான நற்கிரியையாக இருக்கும், திறப்பு விழா இருக்காது என்பது ஒன்றுதான் குறை.

பெரிதாக யோசிக்காதீர்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்ட ஊர்களில் கிழவன் கிழவி மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, ரேஷன் கடையில் கைரேகை விழாத பாட்டியோடு போய் நிற்பது, வங்கிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது. பாதி நாள் போகும், பத்துப் பைசா செலவாகாது. அரசு மருத்துவமனையில் நோயாளிக்குச் சாப்பாடு கிடைத்துவிடும், கூட இருக்கிறவர்தான் டீயும் பன்னுமாக நாளைத் தள்ளுவார், அவருக்கு ஒரு பொட்டலம். ரத்தம் கொடுக்கலாம், 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடை இருந்தால் போதும், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை.

வீடு சந்திப்புக்குத் தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கிற வின்சென்ட் தே பால் சபைக்காரர்கள் இதை 1833-லிருந்து, பாரிஸில் ஓசனாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்களும் தொடங்கின நாளிலிருந்து, செய்துவருகிறார்கள். இரண்டு பேர் போனால் ஒருவர் பேசுவார், ஒருவர் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பார். மற்ற சபைக்காரர்கள் இதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதில் வெட்கமில்லை.

அரிசிப் பைக்குள் துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். அவர் உங்களிடம் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் அரிசி அரிசியாகவே இருக்கட்டும். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கழுதைமேல் ஏற்றும்போது எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்டதாக லூக்கா எழுதவில்லை.

யாக்கோபு சொன்ன அந்தப் பாதபடி விஷயத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும். உங்கள் சபையில் யார் எந்தப் பக்கம் உட்கார்கிறார்கள், நற்கருணைக்கு யார் கடைசியாக வருகிறார்கள், கல்லறையில் யாருக்கு எந்த மூலை என்று பாருங்கள். சாதி தெரியும். காலனிக்குப் போய்ச் சாப்பாடு போட்டுவிட்டு வருவது சுலபம், காலனி வீட்டில் உட்கார்ந்து களி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவது எத்தனை பேருக்கு முடியும்? கொடுப்பதைவிட வாங்கிக்கொள்வதுதான் சில நேரம் பெரிய நற்கிரியை.

போட்டோ, பெயர்ப்பலகை இத்யாதி

மத்தேயு 6:3, வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக்கூடாது. இப்போது இடதுகையில்தான் கைப்பேசி இருக்கிறது. ஐந்து கிலோ அரிசியை ஏழு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தில் வாங்குகிறவர் முகத்தைப் பாருங்கள், அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். சபைக் கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் மூட்டையைப் படம் எடுங்கள். மின்விசிறி இறக்கையில் உபயம் எழுதுவது பற்றி ஊரே சிரித்தாகிவிட்டது, இருந்தும் எழுதுகிறோம்.

கணக்கு வைக்கிற பழக்கம் உள்ளே வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் உதவி செய்த ஆள் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகும்போது உங்களுக்கு எவ்வளவு கோபம் வருகிறது என்று பாருங்கள். கொஞ்சம் வருத்தம் வரும், மனுஷன்தானே. இரவு தூக்கம் போகிற அளவுக்கு வந்தால் நீங்கள் கொடுக்கவில்லை, கடன் கொடுத்திருக்கிறீர்கள். அப்போது லூக்கா 17:10-ஐ வாசிக்கலாம்: "நாங்கள் அப்பிரயோஜனமான ஊழியக்காரர்". விசுவாசம் கிரியைக்கு உதவுவது முக்கியமாக இங்கேதான், ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று என்று நிஜமாகவே நம்புகிறவனுக்கு ரசீது தேவைப்படாது.

கேட்கப்படுகிற சில கேள்விகள்

"என்னிடம் பணமும் இல்லை, உடம்பிலும் தெம்பில்லை, நான் என்ன செய்வது?" சிலுவையில் தொங்கின கள்ளனுக்குக் கையும் காலும் அசையவில்லை, அவனுக்குப் பரதீசு கிடைத்தது. அந்த நிலையிலும் அவன் ஒன்று செய்தான், பக்கத்தில் இருந்தவன் இயேசுவைப் பழித்தபோது அதட்டினான். படுக்கையில் இருக்கிறவர் தன்னைப் பார்த்துக்கொள்கிற மருமகளிடம் இதமாகப் பேசுவதும் கிரியைதான், அதுவும் லேசான கிரியை இல்லை.

"எனக்கு விசுவாசமே வறண்டு கிடக்கிறது, ஜெபம் வரவில்லை, இந்த நிலையில் நல்லது செய்தால் வேஷம் ஆகாதா?" ஆகாது. உங்கள் மனநிலை சரியாகும்வரை கூலிக்காரர் காத்திருக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. கொடுத்துவிட்டு வாருங்கள், ஜெபம் வரும்போது வரட்டும்.

"செய்து செய்து சலித்துவிட்டது." அப்போது நிறுத்துங்கள். யோவான் 15-ல் கிளை செய்யவேண்டியதாகச் சொல்லப்பட்ட ஒரே வேலை செடியில் நிலைத்திருப்பது. சபையில் எல்லா வேலையும் ஒரே அக்கா தலையில் விழுந்துகொண்டிருந்தால் அது அவருடைய விசுவாசப் பிரச்சினை இல்லை, மற்றவர்களுடையது.

"இவ்வளவு செய்தும் நான் இரட்சிக்கப்பட்டேனா என்று சந்தேகமாக இருக்கிறதே?" செய்ததை எண்ணினால் சந்தேகம் வரத்தான் செய்யும், எந்த எண்ணிக்கை போதும் என்று யாருக்கும் தெரியாது. எபேசியர் 2-ன் 8-ஆம் வசனத்துக்குத் திரும்பிப் போங்கள். செய்யாமலே சந்தேகம் இல்லாமல் இருக்கிறவர்தான் 10-ஆம் வசனத்துக்கும், பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிற யாக்கோபு 2:19-க்கும் போகவேண்டும்.

"நான் பாக்கி வைத்திருந்தவர் வாங்க மறுக்கிறார்." ஒருமுறை வற்புறுத்துங்கள், காலில் விழுந்து நாடகம் போடவேண்டாம். அவர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவோ, அவர் வீட்டு ஒழுகும் ஓட்டை மாற்றுவதாகவோ வேறு வழியில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதற்கும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அவரிடம் அதன்பிறகு எந்தச் சலுகையும் எதிர்பார்க்காதீர்கள்.

"அவர் செத்துப்போய்விட்டார்." அப்படியானால் அவருடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வேலைக்கு எங்கேயாவது போய்விட்டிருப்பார்கள், ஊரில் விசாரித்தால் நம்பர் கிடைக்கும். யாருமே இல்லையென்றால் எண்ணாகமம் 5:8 அதற்கும் வழி சொல்கிறது, வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லாதபோது அது கர்த்தருக்கு, ஆசாரியன் கையில். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் பணத்தைச் சபையின் ஏழைகள் நிதியில் போடலாம், கொடுத்தவர் பெயர் என்ன என்று கணக்கர் கேட்டால் செத்துப்போனவருடைய பெயரைச் சொல்லி ரசீதை அந்தப் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்.